நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிப் பேச்சு: யார் யாரிடம் எப்படிப் பேசுகிறோம்?

ராயக்கோட்டை_வாசகி | ஞாயிறு, காலை 9:12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி இது. எங்கள் வீட்டில் மாமியாரும் நானும் பேசிக்கொள்வது தெலுங்கு. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. அங்கே தமிழும் இந்தியும். பக்கத்து வீட்டில் கன்னடம், தெருமுனை மளிகைக்கடைக்காரர் வீட்டில் உருது. பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். அவ்வா தெலுங்கில் கேட்பார், பேத்தி தமிழில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்குமே அதில் சிரமம் இல்லை.

சிரமம் வெளியிலிருந்துதான் வருகிறது. நாத்தனார் மகளைக் கோயம்புத்தூர் பக்கம் கொடுத்திருக்கிறோம். அவள் வாயைத் திறந்தாலே "இது என்ன தமிழு, பாதி தெலுங்கா இருக்கே" என்கிறார்களாம். இப்போதெல்லாம் எங்களோடு போனில் பேசும்போதுகூட அளந்து அளந்து பேசுகிறாள். இங்கே என் மகளின் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் "கொச்சை" என்று எழுதி வந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? தாத்தா பாட்டி காலத்துக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது? "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பொதுவாக எழுதாமல், காதால் கேட்டதை எழுதுங்கள்.

ஊத்தங்கரை_தம்பி | ஞாயிறு, காலை 9:40

அக்கா, எங்கள் வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழியே கிடையாது. அப்படியிருந்தும் சென்னை ஹாஸ்டலில் எனக்கு இதேதான் நடந்தது. நான் பேசினால் சிரிப்பு.

இத்தனைக்கும் நம்ம பக்கம் ஒரே மாதிரிப் பேசுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஊத்தங்கரையிலிருந்து திருப்பத்தூர் ரோட்டில் போகப்போக "இன்னா", "கீது" காதில் விழும். அரூர் தாண்டிச் சேலம் பக்கம் போனால் "ங்க" கூடிக்கொண்டே வரும். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று மேலே ஏறினால் தமிழ் பேசுகிறவர் வாயிலேயே கன்னட இழுப்பு. இதில் எது நம்ம ஊர்த் தமிழ் என்று நான் யாருக்குச் சொல்வது?

காவேரிப்பட்டணம்_வாத்தியார் | ஞாயிறு, காலை 11:05

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். முதலில் அந்தச் சிவப்பு மையைப் பற்றி.

நம் இலக்கணம் வட்டாரப் பேச்சை ஒதுக்கிவைத்துத் தொடங்கவில்லை அம்மா. செய்யுளுக்கு உரிய சொற்கள் எவை என்று சொல்லும் இடத்திலேயே தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு திசைச்சொல்லையும் சேர்த்து உட்கார வைக்கிறது. "செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தங்குறிப் பினவே திசைச்சொற் கிளவி" என்பது சூத்திரம். அந்தந்த நிலத்து மக்கள் தங்களுக்குள் என்ன பொருளில் வழங்குகிறார்களோ அதுதான் பொருள். மற்ற நாட்டாருக்கு விளங்கவில்லை என்பதால் சொல் குறைபடாது. உரையாசிரியர்கள் தாயைத் "தள்ளை" என்று சொல்லும் நாட்டையும், நாயை "ஞமலி" என்று சொல்லும் நாட்டையும் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். யாரையும் பழிக்கவில்லை.

நன்னூல் இன்னொரு படி போகிறது. ஊரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் "குழூஉக்குறி" என்று பேர் வைத்து, வழக்குகளில் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பதும், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பதும் உரையில் வரும் உதாரணங்கள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் விலை பேசுவதை ஒரு வெள்ளிக்கிழமை போய்க் கேளுங்கள், இலக்கணம் நேரில் நிற்கும். அப்புறம், நன்னூலை எழுதச் செய்த சீயகங்கன் கங்கர் குடியைச் சேர்ந்தவன். கங்கரின் பழைய ஊர் கோலார், நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடங்களில் இன்றுவரை நடத்தும் தமிழ் இலக்கணம் பிறக்கக் கன்னட நாட்டோடு தொடர்புடைய ஒரு குறுநில மன்னன் காரணமாக இருந்திருக்கிறான்.

இதையெல்லாம் சொன்னாலும், பரீட்சைத் தாளில் எழுத்துத் தமிழ்தான் எழுத வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு வழக்கு நம்மிடம் இருக்கிறது. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் நான்கையும் வைத்து இந்த இரட்டை வழக்கை விளக்கினார். தமிழுக்கும் அது அப்படியே பொருந்தும். எந்தத் தமிழ்க் குழந்தையும், கோயம்புத்தூர்க் குழந்தையும்தான், எழுத்துத் தமிழைத் தாய் மடியில் கற்பதில்லை. பள்ளிக்கு வந்துதான் கற்கிறது. ஆகவே "கொச்சை" என்று எழுதுவதற்குப் பதில் "இது பேச்சு, கட்டுரையில் இப்படி எழுதணும்" என்று சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதியிருந்தால் குழந்தை இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கும்.

ஓசூர்_ஷிப்ட் | ஞாயிறு, மதியம் 1:18

சிப்காட் பக்கத்து நிலவரம் சொல்கிறேன். எங்கள் லைனில் பாதிப்பேர் ஒடிசா, பீகார், அசாம். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க எங்கள் ஆட்கள் இந்தி கற்றுக்கொண்டார்கள். அவர்களில் வருஷக்கணக்காக இருப்பவர்கள் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் அது மெஷினைச் சுற்றி மட்டும் உள்ள தமிழ். "அண்ணா, இது டைட் ஆவல, ஸ்பேனர் குடு" வரை தடங்கல் இல்லை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வந்தால் வார்த்தை தேடுகிறார்கள். எங்கள் இந்தியும் அதே கதைதான். மெஷினை விட்டு வெளியே வந்தால் ஊமையாகிவிடுகிறோம்.

தளி_ஏரிக்கரை | ஞாயிறு, மதியம் 3:30

எங்கள் வீடு கன்னட வீடு. நான் தமிழ் வழியில் படித்தவள்.

அவரைக்காய் சீசனில் எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்கிறேன். கொட்டையை உரித்து ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுவோம். காலையில் வேலை முடிந்ததும் நாலைந்து பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். ஊறின கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு தட்டில் விழும். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போகும். தமிழ்க்காரர்கள் அதைப் பிதுக்கம்பருப்பு என்பார்கள். தெலுங்குக்காரர்கள் பிதிகின பப்பு. நாங்கள் ஹிதகிதபேளே. திண்ணையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரவர் பேரைச் சொல்வோம், ஒருத்தருக்கும் குழப்பம் வந்ததில்லை. பேச்சும் அப்படித்தான் ஓடும். தெலுங்கு அக்கா கேட்பதற்கு நான் கன்னடத்தில் பதில் சொல்வேன், பேச்சு சூடு பிடித்துவிட்டால் எல்லாருமே தமிழுக்கு வந்துவிடுவோம்.

ராயக்கோட்டை அக்கா சொன்ன கேலி எங்களுக்கு இரண்டு பக்கமும் உண்டு. பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் "நீங்க தமிழ்நாட்டுக் கன்னடம்" என்று ஒதுக்குவார்கள். இங்கே சில ஆபீஸ்களில் பேர், ஊர் சொன்னதும் "தமிழ் தெரியுமா" என்று கேட்பார்கள். தெரியும். தளியில் பிறந்தவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வலிக்கிறது.

தருமபுரி_மொழியியல் | ஞாயிறு, மாலை 5:02

தளி அக்கா, அந்தத் திண்ணையில் இருப்பது ஒரே வினைச்சொல், மூன்று வடிவம். பிதுக்கு, பிதுகு, ஹிதுகு. பத்தாம் நூற்றாண்டை ஒட்டிக் கன்னடத்தில் சொல் முதலில் வரும் ப, ஹ ஆக மாறத் தொடங்கியது. தமிழில் பால், புலி, பல்; தெலுங்கில் பாலு, புலி, பல்லு; கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு. நம்ம டவுன் பஸ் போர்டிலேயே இது இருக்கிறது. போச்சம்பள்ளி, நல்லம்பள்ளி ஒரு பக்கம். மாரண்டஅள்ளி இன்னொரு பக்கம். பள்ளி ஹள்ளியாகி, அதைத் தமிழ்க்காரர் நாக்கு அள்ளியாக்கியிருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது சொல்லைப் பற்றி இல்லை. நாம் எப்போதும் சொற்களை எண்ணுகிறோம்: இது தெலுங்குச் சொல், இது வடசொல், இது போய்விட்டது, இது வந்துவிட்டது என்று. பேச்சு மாறுவதற்கான காரணம் அங்கே இல்லை. யார் யாரோடு தினமும் பேச வேண்டியிருக்கிறது, எதற்காகப் பேச வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது. அது மாறினால் பேச்சு மாறும், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

இதற்கு ஒரு நல்ல சான்று மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துக் குப்வாட் கிராமம். ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் அந்த ஊரைப் பற்றி எழுதினார்கள். அங்கே சமணரும் லிங்காயத்தும் வீட்டில் கன்னடம், முஸ்லிம்கள் உருது, தலித் மக்கள் மராட்டி. வெவ்வேறு கூட்டத்தார் சந்தித்தால் பெரும்பாலும் மராட்டி. தலைமுறை தலைமுறையாக இப்படிப் பேசியதில் மூன்று மொழியின் வாக்கிய அமைப்பும் ஒன்றாகிவிட்டது. ஒரு மொழி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அடுத்த மொழி வாக்கியம் கிடைத்துவிடும். ஆனால் சொற்கள் மட்டும் கலக்கவில்லை. வீட்டுக்கு வீடு தனித்தனியாக நின்றன. வயலிலும் சந்தையிலும் சேர்ந்து பழகியதில் வாக்கியம் சேர்ந்தது. கொடுக்கல் வாங்கல், கல்யாணம், சாப்பாடு என்று வீட்டுக்குள் பிரிந்தே இருந்ததில் சொல் பிரிந்தே நின்றது. நம்ம கிருஷ்ணகிரியில் இதே மாதிரி நடந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. உருது வீட்டுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

பழையபேட்டை_மண்டி | ஞாயிறு, இரவு 8:47

இருக்கிறேன் தம்பி. கிருஷ்ணகிரி பழையபேட்டை, மாங்காய் வியாபாரம்.

நீங்கள் சொன்ன விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் உருது தக்கினி. வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்கு கைக்கு. லக்னோவிலிருந்து வரும் மௌலானா பேசும் உருது வேறு, நாங்கள் பேசுவது வேறு. நக்கோ மராட்டியிலிருந்து வந்தது என்பார்கள். அதைவிட இது பாருங்கள்: "வர்றேன்னு சொன்னான்" என்பதில் "என்று" எந்த இடத்தில் நிற்குமோ அதே இடத்தில் எங்கள் பேச்சில் "போல்கே" நிற்கும். வடக்கே இந்திக்காரர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் "கி" போட்டு வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார்கள். தமிழையும் தெலுங்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைமுறைகளாக வாழ்ந்ததில் எங்கள் உருது இந்த ஊர் ஓட்டத்துக்கு வந்துவிட்டது. இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. இது எங்கள் ஊர் உருது.

சீசனில் மண்டியில் ஒரு நாளைக்கு நாலு மொழி. காய் கொண்டுவரும் விவசாயியோடு தமிழ், இல்லாவிட்டால் தெலுங்கு. சித்தூர் பக்கத்துக் கூழ் ஃபேக்டரி ஆட்கள் வந்தால் தெலுங்கு. வடக்கே போகும் லாரி என்றால் இந்தி. அண்ணன் தம்பிக்குள் கணக்குப் பார்க்கும்போது தக்கினி. பெங்களூரா காய்க்கு விலை கட்டும் நேரத்தில் மட்டும் எவர் எந்த மொழியில் ஆரம்பித்தாலும் தமிழில் முடியும். என் வாப்பா காலத்தில் அது தெலுங்கில் முடியும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் கவலை வேறு. பிள்ளைகளுக்குத் தக்கினி பேச வரும், உருது எழுத்து வாசிக்க வராது. மதரஸாவில் அரபு எழுத்து தெரிந்துகொள்கிறார்கள். என் வாப்பா எழுதிவைத்த கணக்குப் புத்தகமும் கடிதங்களும் உருதுவில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் நான்.

அரூர்_கிளார்க் | திங்கள், காலை 7:20

எல்லாம் படித்தேன். திண்ணை, சந்தை, மண்டி என்று எழுதுகிறீர்கள். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதும் பேச்சில்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

என் அப்பாவை நிலக்காரர் வீட்டுப் பத்து வயசுப் பையன் பேர் சொல்லி "வாடா" என்பான். அறுபது வயசு மனிதர் அந்தப் பையனை "சாமி" என்பார். யாரும் சத்தம் போடவில்லை, திட்டவில்லை, சாதாரணப் பேச்சு அது. எங்கள் தெருப் பிள்ளைகள் எங்களுக்குள் ஒரு மாதிரியும் ஊருக்குள் போனால் வேறு மாதிரியும் பேசப் பேசவே பழகினோம். வாத்தியார் ஐயா சொன்ன எழுத்து, பேச்சு இரண்டோடு எங்களுக்கு இது மூன்றாவது வழக்கு. இதை எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை, அடி வாங்கிக் கற்றுக்கொண்டது.

ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளில் நீ, நீங்கள் போன்ற சொற்களைப் பற்றி எழுதியதைத் தொலைதூரக் கல்வியில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகாரம் உள்ளவன் நீ என்பான், பதிலுக்கு நீங்கள் என்று வாங்கிக்கொள்வான் என்று இருந்தது. பிரெஞ்சையும் ஜெர்மனையும் பற்றி எழுதியிருக்கிறார்கள், எனக்கு எங்கள் களத்துமேடு தெரிந்தது. சமமானவர்களுக்குள் இரண்டு பக்கமும் ஒரே சொல் போகும், சமமில்லாத இடத்தில் ஒரு சொல் போய் வேறு சொல் திரும்பும் என்பதுதான் அதன் சாரம்.

இப்போது நான் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அதே வீட்டு ஆள் சான்றிதழுக்கு வந்தால் "வாங்க சார்" என்கிறார். சாயங்காலம் ஊரில் டீக்கடையில் பார்த்தால் "என்னப்பா" என்கிறார். டீக்கடையில் "சார்" காணோம், "வாடா"வும் காணோம். நடுவில் ஒரு சொல் கண்டுபிடித்திருக்கிறார்கள். என் மகனிடம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் "ப்ரோ" என்கிறார்கள், அவனும் "ப்ரோ" என்கிறான். அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு ஊரில் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். எங்கள் தெருவிலிருந்து போய் அதே சொல் திரும்பி வருகிறது, அதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

பழைய வட்டார வழக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதும் எல்லாரும், எந்தப் பகுதியைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள்.

ராயக்கோட்டை_வாசகி | திங்கள், காலை 10:15

அரூர் அண்ணா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தெலுங்கிலும் அதே மாதிரி இருந்தது என்று சொன்னார். எங்கள் நிலத்தில் வேலை செய்தவர்களைச் சின்ன வயதில் அவர் எப்படிக் கூப்பிட்டார் என்பதையும் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கு இதுவும் பதில்தான். எழுதியதற்கு நன்றி.

தகடூர்_அதியன் | திங்கள், மதியம் 12:38

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நம்ம தருமபுரிதான் அதியமான் ஆண்ட தகடூர், ஔவை வந்து பாடிய மண். சம்பைக் கல்வெட்டில் "அதியன் நெடுமான் அஞ்சி" என்று தமிழி எனும் பழைய தமிழ் எழுத்தில் பேரே பொறித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் "எது வந்தாலும் சரி, எல்லாமே பேச்சுதான்" என்று விட்டுவிட்டால் நாளைக்கு ஓசூர்ப் பிள்ளைகள் இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஏதோ ஒன்றைப் பேசுவார்கள். யாரையும் கேலி செய்வது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ் மண்ணில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று கேட்பது எப்படித் தப்பாகும்? 2006இல் தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்ததே அதற்காகத்தான்.

காவேரிப்பட்டணம்_வாத்தியார் | திங்கள், மாலை 4:10

தம்பி, முதலிடம் கேட்பது தப்பில்லை. தமிழைப் படிக்காமல் இந்த மாநிலத்தில் ஒரு பிள்ளை பெரியவனாகக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். ஆனால் தகடூரை மேற்கோள் காட்டினால் தகடூரை முழுதாகக் காட்ட வேண்டும்.

அதியமானுக்குப் பிறகு ஒன்பதாம் நூற்றாண்டில் தகடூரை ஆண்ட நுளம்பர்கள் கன்னடத்தில் கல்வெட்டு வெட்டினார்கள். தருமபுரிக் கோட்டைக் கோயில் சிற்பங்களில் அவர்கள் கை இருக்கிறது. அதற்கும் முன்னால் பல்லவர் காலத்தில் இந்தப் பக்கம் நட்ட நடுகற்களில் வட்டெழுத்தில் தமிழ் இருக்கிறது. மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தவனைத் "தொறு மீட்டுப் பட்டான்" என்று எழுதியிருப்பார்கள். கன்னட நடுகல்லிலும் மந்தைக்குத் "துறு" என்றுதான் வரும். மாடு பிடிக்க வந்தவனும் மீட்கப் போனவனும் ஒரே சொல்லில் சண்டை போட்டிருக்கிறார்கள். பிறகு விஜயநகரம், மைசூர். 1792இல் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம் செய்து, பாராமகால் என்று அப்போது பேர் இருந்த நம்ம பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்டது. கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். இன்றும் தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பதை ஜமாபந்தி என்றுதானே சொல்கிறோம்? ஒவ்வொரு ஆட்சியும் ஒரு மொழியை மேலே உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கீழே வீடுகளில் எல்லா மொழியும் இருந்துகொண்டே இருந்தன.

சட்டம் பற்றி: தமிழைக் கட்டாயம் கற்பிக்கச் சொன்னது சரி. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியும் கூடவே கிடைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து போக முடியும்.

சித்தேரி_மலை | திங்கள், இரவு 9:03

எங்கள் பக்கத்தையும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். நாங்கள் மலையாளி. கேரளா இல்லை, மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள். பேசுவது தமிழ்தான், ஆனால் இழுவை வேறு. கீழே போனால் இரண்டு கேள்வி வரும்: மலையாளம் பேசுவீர்களா, ஏன் இப்படி இழுக்கிறீர்கள்.

மலையில் உள்ள பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகள் கீழே ஹாஸ்டலுக்குப் போகிறார்கள். லீவுக்கு வரும்போது அரூர்ப் பேச்சோடு வருகிறார்கள். பாட்டியோடு பேசும்போது ஒரு நாள், இரண்டு நாளில் பழைய பேச்சு வந்துவிடும். பாட்டி இல்லாத வீட்டில் வருவதில்லை.

தருமபுரி_மொழியியல் | செவ்வாய், காலை 8:30

சித்தேரி அண்ணா கடைசியில் சொன்னதுதான் நான் சொல்லத் தவித்தது. பாட்டி இருந்தால் பேச்சு இருக்கிறது.

தகடூர் நண்பரின் பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒரு மொழியைக் கைவிடும் முடிவை யாரும் மொழிக்காக எடுப்பதில்லை, வாழ்க்கைக்காக எடுக்கிறார்கள். ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லையை ஒட்டி ஓபர்வார்ட் என்று ஓர் ஊர். அங்கே வீட்டு மொழி ஹங்கேரியம், வெளி மொழி ஜெர்மன். சூசன் கால் அங்கே தங்கி ஆராய்ந்து 1979இல் புத்தகம் எழுதினார். ஜெர்மனுக்கு முதலில் மாறியவர்கள் இளம்பெண்கள். காரணம் எளிது: ஹங்கேரியம் பேசும் விவசாயி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் மாடு, வயல், மாமியார் என்று முதுகொடியும் வேலை. தொழிற்சாலைச் சம்பளக்காரனைக் கட்டினால் அது இல்லை. மொழியை விட்டது அந்த வேலையை விடுவதற்கு. ராயக்கோட்டை அக்கா, உங்கள் நாத்தனார் மகள் அளந்து பேசுவதும் இந்த வகைதான். அவள் வாழ வேண்டிய வீடு அது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவில் கோடைக்காலச் சுற்றுலாக்காரர்கள் வந்து குவிந்தபோது, தீவிலேயே தங்கப்போகிறோம் என்று முடிவெடுத்த இளைஞர்கள் பழைய மீனவர்களின் உச்சரிப்பைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். வில்லியம் லபோவ் 1963இல் இதைக் காட்டினார். வெளியேறப் போகிறவர்கள் பேச்சில் அது குறைவு. ஊரில் தங்குவதற்குக் காரணம் இருந்தால் ஊர்ப் பேச்சும் தங்கும். ஓசூரில் இந்தி வந்துவிடும் என்று பயப்படுவதைவிட, தளியிலும் அஞ்செட்டியிலும் ஒரு பையன் தங்கிப் பிழைக்க வழி இருக்கிறதா என்று கேட்பது இந்த மண்ணின் எல்லா மொழிக்கும் நல்லது.

ஊத்தங்கரை_தம்பி | செவ்வாய், காலை 9:15

அண்ணா, அந்தத் தீவுக் கதை என் ஹாஸ்டல் நண்பர்களுக்கு அப்படியே பொருந்துகிறது. வெளிநாடு போகணும் என்று இருப்பவர்கள் முதல் வருஷமே பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ஊரில் அப்பாவோடு புளி, மாங்காய் வியாபாரம் பார்க்கப் போகிறவன் ஒருத்தன் மட்டும் கடைசி நாள் வரைக்கும் "இன்னா மச்சி"தான்.

ராயக்கோட்டை_வாசகி | செவ்வாய், இரவு 8:20

எல்லாருக்கும் நன்றி. மாமியார் பேச்சைப் பதிவு செய்து வைக்கலாம் என்று தோன்றுகிறது. நடவுப் பாட்டு, பிரசவம் பார்க்கும் கைவைத்தியம், ராகி அரைக்கும்போது பேசுவது எல்லாம் அவருக்குத் தெலுங்கில்தான் வருகிறது. போனை முன்னால் வைத்தால் தமிழுக்கு மாறிவிடுகிறார். என்ன செய்யலாம்?

தருமபுரி_மொழியியல் | செவ்வாய், இரவு 9:44

அக்கா, உங்களிடம் பேசச் சொல்லாதீர்கள். அவர் வயதில் தெலுங்கு பேசும் இன்னொருவரைக் கூட்டி வாருங்கள். இருவரும் சேர்ந்து செய்கிற வேலை ஏதாவது இருக்கட்டும், கீரை ஆய்வது, புளி தட்டுவது மாதிரி. பதிவு செய்யப் போகிறோம் என்று இருவரிடமும் முன்னாலேயே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். போனைச் சற்றுத் தள்ளி, ஃபேன் காற்றும் மிக்ஸிச் சத்தமும் இல்லாத இடத்தில் வையுங்கள். முதல் கால் மணி நேரம் அவர்களுக்கு அதுதான் ஞாபகமாக இருக்கும், அப்புறம் மறந்துவிடுவார்கள். "இந்தச் சொல்லுக்கு என்ன" என்று நடுவில் கேட்டு நிறுத்த வேண்டாம். யார் பேசினார்கள், எந்த ஊர்க்காரர், என்ன தேதி என்பதைப் பதிவின் தொடக்கத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள், பின்னால் தாளில் எழுதிவைத்தது தொலைந்தாலும் இது நிற்கும்.

அரூர் அண்ணா, நீங்கள் எழுதியதையும் உங்கள் குரலில் சொல்லிப் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள். அந்த மூன்றாவது வழக்கு எப்படி இருந்தது என்பது எந்த அகராதியிலும் வராது.

அரூர்_கிளார்க் | செவ்வாய், இரவு 10:31

செய்கிறேன் தம்பி. அம்மா இருக்கிறார்கள். அவர்களையும் என் மகனையும் பேசவிட்டுப் பதிவு செய்கிறேன், அவன்தான் நிறையக் கேட்பான்.

பழையபேட்டை_மண்டி | புதன், காலை 6:50

வாப்பாவின் கணக்குப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்ய நானும் தயார். உருது எழுத்து கற்றுக்கொள்ள விருப்பமுள்ள பிள்ளைகள் கிருஷ்ணகிரியில் யாராவது இருந்தால், மாங்காய் சீசன் முடிந்ததும் ஞாயிறு சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வரலாம். அப்புறம், லம்பாடி பேசும் வீட்டுக்காரர்கள் தருமபுரிப் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள், இதுவரை ஒருவரும் எழுதவில்லை. எழுதுங்கள்.